எதிர்ப்பாற்றலும் எலும்பும்



நம் உடம்பில் எலும்புகள் 206 என்பதைத் தொடக்கப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். அதன்பின் எலும்பைப் பற்றி நினைக்கும் அவசியம் நமக்கு நேருவதில்லை. கீழே விழுந்து கை முறிந்து, புத்தூர்க் கட்டுக்குப் புறப்படும்போதுதான் மறுபடியும் அதன் நினைவு வருகிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் எலும்பைப் பற்றியதே. புற்றுநோய்க்கு அண்மைக் காலத்தில் வந்துள்ள ஒருவகைச் சிகிச்சை, உயிரைக் காக்கும்போதே சிலருடைய எலும்பையும் தொட்டுவிடுகிறது என்பதை மருத்துவர்கள் கவனித்து வருகிறார்கள். அச்சிகிச்சைக்கு இம்யூனோதெரபி என்று பெயர். எதிர்ப்பாற்றல் சிகிச்சை என்று நாம் அழைக்கலாம்.

நான் மருத்துவன் அல்லேன். பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆகவே மருந்து சொல்வது என் வேலையன்று. ஆனால் இந்தச் செய்திக்கு 130 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. அதில் வியப்பு என்னவென்றால், இச்சிகிச்சை பிறந்ததே ஓர் எலும்பின் அருகில்தான். அப்படியிருந்தும், இச்சிகிச்சை எலும்பை என்ன செய்கிறது என்று மருத்துவ உலகம் கேட்கத் தொடங்கியது மிகப் பிற்காலத்தில்தான். அது ஏன் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் சிகிச்சையின் அடிப்படையைத் தெரிந்துகொள்வோம். புற்றுநோயை அறுத்து எடுப்பது ஒரு முறை. கதிரியக்கத்தால் சுடுவது மற்றொன்று. நச்சு மருந்தால் கொல்வது மூன்றாவது. இம்மூன்றிலும் மருத்துவர் நோயை நேராகத் தாக்குகிறார். எதிர்ப்பாற்றல் சிகிச்சையிலோ, மருத்துவர் நோயாளியின் இரத்தத்திலுள்ள காவற்படையைத் தட்டி எழுப்புகிறார். தாக்குவது அந்தப் படை. எழுப்பப்பட்ட படை எங்கெல்லாம் போகும், எதையெல்லாம் தொடும் என்பது எழுப்பியவருடைய கையில் முழுதும் இல்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1890ஆம் ஆண்டுக் கோடையில், பெஸ்ஸி டாஷியல் என்ற பதினேழு வயதுப் பெண் அமெரிக்காவில் இரயில் பயணம் செய்தபோது, இருக்கையில் அவளுடைய வலது கை நசுங்கியது. சிறு காயம்தான். ஆனால் வீக்கம் வற்றவில்லை, வலி வளர்ந்தது. நியூயார்க் நகரில் அவளைப் பரிசோதித்த இளம் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, அது எலும்பைப் பற்றிய சார்க்கோமா என்னும் கொடிய புற்றுநோய் என்று கண்டார். கையை முழங்கைக்குக் கீழே வெட்டி எடுத்தார். பயனில்லை. 1891 ஜனவரியில் அப்பெண் இறந்தாள். கோலிக்கு அப்போது வயது இருபத்தொன்பது. எத்தனையோ மருத்துவர்கள் எத்தனையோ சாவுகளைக் கண்டு அடுத்த நோயாளியிடம் போயிருக்கிறார்கள். இவரால் அப்படிப் போக முடியவில்லை.

கோலி மருத்துவமனையின் பழைய ஏடுகளைப் புரட்டத் தொடங்கினார். சார்க்கோமா வந்தவர்களில் எவரேனும் பிழைத்ததுண்டா என்று தேடினார். ஏழாண்டுகளுக்கு முந்திய ஒரு குறிப்பில் பிரெட் ஸ்டைன் என்ற பெயர் கிடைத்தது. அவர் கழுத்தில் கட்டி வந்து, அறுக்க அறுக்க வளர்ந்து, மருத்துவர்கள் கைவிட்ட ஒருவர். அறுவைப் புண்ணில் எரிசிபெலஸ் என்னும் தோல் அழற்சி நோய் பற்றி, கடுங் காய்ச்சல் கண்டு, அவர் உயிர் பிரிந்துவிடும் என்று நினைத்த நிலையில், காய்ச்சலும் தணிந்தது, கட்டியும் கரைந்துவிட்டது. ஏட்டுக் குறிப்பு அதோடு நின்றது. அந்த மனிதர் இன்னும் உயிரோடிருக்கிறாரா? கோலி நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் தெருத்தெருவாக விசாரித்துச் சென்று அவரைக் கண்டுபிடித்தார். உயிரோடு, நோயின்றி இருந்தார்.

வரலாற்று மாணவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று கவனிக்க வேண்டும். புதிய கருவி ஏதும் இல்லாமல், புதிய மருந்து ஏதும் இல்லாமல், பழைய பதிவேடு ஒன்றைப் பொறுமையாகப் படித்ததனாலேயே ஒரு மருத்துவத் துறை பிறந்தது. பதிவேடு எழுதிய குமாஸ்தாவின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

காய்ச்சல் தந்த கிருமி உடம்பின் காவற்படையை எழுப்பியிருக்க வேண்டும் என்று கோலி ஊகித்தார். 1891 மே மாதம் முதல் நோயாளிகளுக்கு உயிருள்ள கிருமிகளையே ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார். அது ஆபத்தானது. பின்னர்க் கொல்லப்பட்ட கிருமிகளின் கலவையைப் பயன்படுத்தினார். அதற்குக் ‘கோலியின் நச்சு’ என்று பெயர் வந்தது. 1893இல் அம்முறையில் சிகிச்சை பெற்ற பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் பிழைத்து எழுந்து, மேலும் இருபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தான். ஆனால் எல்லாருக்கும் அவ்வாறு பலிக்கவில்லை. ஏன் ஒருவருக்குப் பலித்தது, ஏன் மற்றொருவருக்குப் பலிக்கவில்லை என்று கோலியால் விளக்க முடியவில்லை. அக்காலத்தில் கதிரியக்க சிகிச்சை புதிதாக எழுந்து வந்தது. கோலியோடு ஒரே மருத்துவமனையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஈவிங் அதன் பக்கம் நின்றார். கோலியின் முறையை அவர் ஏற்கவில்லை. இந்த ஈவிங்கின் பெயரையும் ஓர் எலும்புப் புற்றுநோய் தாங்கி நிற்கிறது என்பது இக்கதையின் விநோதங்களுள் ஒன்று. 1936இல் கோலி மறைந்தபோது அவருடைய முறை பெரும்பாலும் கைவிடப்பட்ட நிலையில் இருந்தது. அவருடைய மகள் ஹெலன் தந்தையின் குறிப்புகளைத் தொகுத்துப் பாதுகாத்து, 1953இல் நியூயார்க்கில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தை ஏற்படுத்தினார்.

அதே காலத்தில் நம் நாட்டில் நிலைமை எவ்வாறு இருந்தது? புதுக்கோட்டையிற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை, 1923இல் புற்றுநோயால் இறந்தார். புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அன்று அம்மையாரின் உள்ளத்தில் விழுந்தது. அது நிறைவேற முப்பத்தோராண்டுகள் ஆயின. 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போது இருந்தவை 12 படுக்கைகள். அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் தம் வாழ்நாள் முழுவதையும் அதற்கே கொடுத்தார்கள். சாந்தா அம்மையார் 2021 ஜனவரியில் மறையும் வரையில் அம்மருத்துவமனையோடு வாழ்ந்தவர்.

அந்தப் பன்னிரண்டு படுக்கைகளில் இருந்த நோயாளிகளிடம் சென்று, “பத்தாண்டு கழித்து உங்கள் எலும்பு உறுதியாக இருக்குமா?” என்று எவரேனும் கேட்டிருப்பார்களா? கேட்டிருந்தால் அது கொடுமையாகத் தோன்றியிருக்கும். அடுத்த ஆண்டு இருப்போமா என்பதே அவர்களுடைய கேள்வி. பின்விளைவைப் பற்றிக் கவலைப்பட, முதலில் ‘பின்’ என்று ஒரு காலம் இருக்க வேண்டும். எலும்பின் கேள்வி ஏன் இவ்வளவு தாமதமாக எழுந்தது என்பதற்கு இதுவே முதற் காரணம் என்பது என் கருத்து.

அடையாற்றுக்கு அடுத்ததே கிண்டி. அங்கே 1948இல் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. பி.சி.ஜி. என்பது காசநோய்க்கு எதிரான தடுப்பூசி என்று உங்களுக்குத் தெரியும். உங்களுட் பலருடைய தோளில் அதன் தழும்பு இருக்கும். அது அந்நாளில் நம் மாகாணத்தில் பெரிய விவாதத்தையும் எழுப்பியது. எங்கள் கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருப்பினும் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்தச் சேலத்தில் வழக்கறிஞராயிருந்து, பின்னர் நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் உயர்ந்த இராஜாஜி, 1955இல் பி.சி.ஜி.யை எதிர்த்து ஒரு சிறு நூலே எழுதினார். உயிருள்ள கிருமியை நலமாயிருக்கும் குழந்தையின் உடம்பில் செலுத்துவதா என்பது அவருடைய கேள்வி. 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெருஞ்சோதனை, பெரியவர்களின் நுரையீரற் காசத்தைத் தடுக்க அந்த ஊசி உதவவில்லை என்று பின்னாளில் காட்டியது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காச வகைகளை அது தடுக்கிறது என்பதால் இன்றும் பிறந்த குழந்தைகளுக்குப் போடப்படுகிறது.

புற்றுநோயைப் பற்றிப் பேசுகையில் காச ஊசி எதற்கு என்று கேட்பீர்கள். 1976இல் கனடா நாட்டில் மொராலிஸ் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும், சிறுநீர்ப்பையில் மேலாகப் பரவியிருந்த புற்றுநோய்க்கு இந்தப் பி.சி.ஜி.யையே சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி நற்பயன் கண்டதாக அறிவித்தார்கள். கோலியின் எண்ணம் புதிய உருவில் திரும்பி வந்தது. அச்சிகிச்சை இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. அதில் மிக அரிதாக, அந்த உயிருள்ள கிருமி இரத்தத்தில் கலந்து முதுகெலும்பைச் சென்று பற்றிக்கொள்வதுண்டு. சிகிச்சை முடிந்து மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்து, விடாத முதுகுவலியாக அது வெளிப்படும். எதிர்ப்பாற்றல் சிகிச்சை எலும்பைத் தொடுவதற்கு இது ஒரு வழி. ஆனால் இது கிருமியின் வேலை. காவற்படையே எலும்பைத் தொடுவது வேறு கதை.

அதை விளங்கிக்கொள்ள எலும்பின் இயல்பை அறிய வேண்டும். எலும்பு தூணைப் போல் ஒருமுறை நட்டு விட்டதன்று. வாழ்நாள் முழுவதும் அழிந்தும் ஆகியும் வருவது. வளர்ந்தவர் உடம்பில் ஓராண்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எலும்பு புதிதாகிறது. கொல்லிமலையை அறிந்தவர்களுக்கு இதற்கு உவமை எளிது. காரவள்ளியிலிருந்து மலை ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவ்வளைவுகளைக் கடந்துதான் பேருந்து செம்மேட்டுக்கும் எங்கள் வாசலூர்பட்டிப் பக்கத்துக்கும் வந்து சேருகிறது. மழைக்காலம் கழிந்ததும் அந்தச் சாலையில் பணியாளர் இறங்குவார்கள். ஒரு கூட்டம் பழுதான இடத்தைக் கொத்தி எடுக்கும். பின்னால் வரும் கூட்டம் ஜல்லியும் தாரும் இட்டு நிரப்பும். இரண்டும் ஒத்த வேகத்தில் நடந்தால் சாலை நிலைக்கும். கொத்துவோர் விரைந்து முன்னே போய், நிரப்புவோர் பின்தங்கினால், பார்வைக்குச் சாலையாகவே இருந்தும் ஒருநாள் பாரவண்டி ஏறியதும் ஓரம் சரிந்துவிடும். எலும்பில் கொத்தும் உயிரணுவுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்றும், நிரப்பும் உயிரணுவுக்கு ஆஸ்டியோபிளாஸ்ட் என்றும் பெயர்.

கொத்துவோருக்குக் கட்டளை எங்கிருந்து வருகிறது? 1972இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். மனித இரத்தத்தின் வெள்ளணுக்களைக் கிளர்ச்சியூட்டிக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, அந்த நீரை எலும்புத் துண்டின்மீது விட்டால், எலும்பு கரையத் தொடங்கியது. வெள்ளணு என்பது காவற்படை. அது விழித்தெழும்போது எலும்பைக் கொத்தச் சொல்லும் ஏதோ ஒரு பொருளையும் வெளியிடுகிறது என்று தெரிந்தது. மூன்றாண்டு கழித்து, 1975இல், லாயிட் ஓல்ட் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், புற்றுக் கட்டியை அழியச் செய்யும் ஒரு பொருள் எலியின் இரத்தத்திற் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த எலிகளுக்கு முன்பே கொடுத்திருந்தது நம் பி.சி.ஜி.யைத்தான்! கோலியின் நச்சு வேலை செய்த மர்மம் ஓரளவு துலங்கியது. ஆனால் 1986இல் அதே பொருளை எலும்பின்மீது சோதித்தபோது, அது எலும்பைக் கரைப்பதையும், புது எலும்பு உண்டாவதைத் தடுப்பதையும் கண்டார்கள். கட்டியை வாட்டும் பொருளே எலும்பையும் வாட்டுகிறது.

மேலும் ஒரு செய்தி. 1997, 1998 ஆகிய ஆண்டுகளில் காவற்படையை ஆராய்ந்தவர்கள் ஒரு புரதத்தைக் கண்டு ஒரு பெயர் வைத்தார்கள். எலும்பை ஆராய்ந்தவர்கள், கொத்தும் அணுக்களை உண்டாக்கும் கட்டளைப் புரதத்தைத் தேடிக் கண்டுபிடித்து மற்றொரு பெயர் வைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்று! இன்று அதை ராங்க்-எல் என்கிறார்கள். ‘கொத்துங்கள்’ என்று எழுதிய அந்தச் சீட்டு எலும்பு அணுவின் கையிலும் இருக்கிறது. காவற்படையின் சிப்பாயாகிய டி அணுவின் கையிலும் இருக்கிறது. இரு துறையினரும் ஒரே வீட்டின் இரு வாயில்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். 2000ஆம் ஆண்டில் ஆரன், சோய் என்னும் இருவர் இந்த உறவுக்கு ‘ஆஸ்டியோ இம்யூனாலஜி’ என்று ஒரு தனிப்பெயரே சூட்டினார்கள். காவற்படையின் அணுக்கள் உருவாவது எலும்பின் உள்ளேயுள்ள மச்சையில்தானே! உறவு இருப்பதில் வியப்பில்லை; அதற்குப் பெயர் சூட்ட இருபதாம் நூற்றாண்டு முடிய வேண்டியிருந்ததே வியப்பு.

இந்நிலையில்தான் புற்றுநோய் மருத்துவத்தில் பெரிய திருப்பம் ஏற்பட்டது. காவற்படை வெறிகொண்டு சொந்த உடம்பையே தாக்கிவிடாதபடி இயற்கை அதற்குச் சில தடைக்கட்டைகளை வைத்திருக்கிறது. 1992இல் ஜப்பானில் தசுக்கு ஹோஞ்சோ என்பவரின் குழு பி.டி.-1 என்னும் புரதத்தைக் கண்டறிந்தது. அது ஒரு தடைக்கட்டை எனப் பின்னர் விளங்கியது. சி.டி.எல்.ஏ.-4 என்னும் மற்றொரு தடைக்கட்டையை மருந்தால் அகற்றினால் எலியின் புற்றுக்கட்டி அழிகிறது என்று 1996இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் அலிசன் காட்டினார். மனிதருக்கான முதல் மருந்து 2011இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. 2014இல் பி.டி.-1 தடையை நீக்கும் மருந்துகள் வந்தன. அதுவரை சில மாதங்களே என்று கணக்கிடப்பட்ட சிலர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். 2018இல் அலிசனும் ஹோஞ்சோவும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அதே 2018ஆம் ஆண்டில், ஆரவாரமின்றி, பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் ஒரு சிறு அறிக்கையை வெளியிட்டார்கள். நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு வழியாக வந்த மருந்துகளைப் பெற்றுக்கொண்ட ஆறு நோயாளிகளைப் பற்றியது அது. அவர்களுள் மூவருக்குப் புதிதாக எலும்பு முறிவு, முள்ளெலும்புகள் நசுங்கியிருந்தன. மற்ற மூவருக்கு எலும்பு ஆங்காங்கே அரிக்கப்பட்டிருந்தது. ஆறு பேரைக் கொண்டு முடிவு கட்ட இயலாது என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள். ஆயினும் எழுதி வைத்தார்கள். பிரெட் ஸ்டைனைப் பற்றி எவரோ ஒருவர் ஏட்டில் எழுதி வைத்ததைப் போலத்தான் இதுவும். அதன்பின் பிற நாடுகளிலும், பெருந்தொகையான நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டி, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் முறிவுகளை எண்ணத் தொடங்கினார்கள்.

தடைக்கட்டையை அகற்றினால் எலும்பு ஏன் மெலிய வேண்டும்? கிளர்ந்தெழுந்த டி அணுக்கள் கொத்தும் சீட்டை மிகுதியாக நீட்டுவது ஒரு வழி. 2008இல் வெளியான ஓர் ஆய்வின்படி, சி.டி.எல்.ஏ.-4 கொத்தும் அணுக்களையும் நேராகவே அடக்கி வைக்கிறது. அதை அகற்றினால் அந்த அடக்கமும் தளரக்கூடும். ஆனால் விஞ்ஞானம் நேர்கோட்டிற் செல்வதில்லை. பி.டி.-1 இல்லாமற் பிறந்த எலிகளின் எலும்பு மெலியவில்லை. சற்றே மிகுந்திருந்தது என்று 2004இல் ஜப்பானியர் கண்டார்கள். ஆகவே ‘இம்மருந்துகள் எல்லாம் எலும்பைக் கெடுக்கும்’ என்று ஒரே வரியில் எழுதிக்கொள்ளாதீர்கள். தேர்வுத் தாளில் எழுதினாலும் நான் பாதி மதிப்பெண்தான் கொடுப்பேன்.

இன்னொரு வழி உண்டு. அதில் ஐயத்துக்கு இடமே இல்லை. தட்டி எழுப்பப்பட்ட படை சிலருக்குக் குடலையும், நுரையீரலையும், மூட்டுகளையும் தாக்குகிறது. அதை அடக்க மருத்துவர்கள் ஸ்டீராய்டு மருந்தை உயர்ந்த அளவிற் கொடுக்கிறார்கள். 1948இல் பிலிப் ஹெஞ்ச் மூட்டு வாத நோயாளிக்குக் கார்ட்டிஸோன் கொடுத்தபோது, படுக்கையிற் கிடந்தவர் எழுந்து நடந்தார், உலகம் வியந்தது, 1950இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் அவ்வகைச் சுரப்புநீர் உடம்பில் மிகுந்தால் எலும்பு பொடிந்துபோகும் என்பதற்கு ஹார்வி குஷிங் 1932இலேயே சான்று காட்டியிருந்தார். நாள்தோறும் ஸ்டீராய்டு உட்கொள்வோருக்கு எலும்பு இழப்பு முதல் மூன்று முதல் ஆறு மாதங்களிலேயே விரைவாக நிகழ்கிறது. தவிர, எழுந்த படை தைராய்டு, பிட்யூட்டரி ஆகிய சுரப்பிகளைத் தாக்கினாலும் எலும்பின் சமநிலை குலையும். இவை யாவற்றுக்கும் முன்பே நோயாளி பெற்றிருக்கக்கூடிய நச்சு மருந்து, கதிர், படுக்கை, பசியின்மை, முதுமை ஆகியவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். ஒரு முறிவுக்குக் காரணம் இதுதான் என்று விரலை நீட்டுவது எளிதன்று.

உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டு இதை விளக்கும். அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015இல் தோற் புற்றுநோய் கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. அப்போது அவருக்கு வயது 90. அறுவையோடும் கதிரோடும், பி.டி.-1 தடையை நீக்கும் மருந்தும் கொடுத்தார்கள். சில மாதங்களில் நோயின் சுவடு தெரியவில்லை. 2019 மே மாதத்தில் அவர் வீட்டில் விழுந்து இடுப்பு முறிந்தது. அக்டோபரில் மறுபடியும் விழுந்து இடுப்புக்கூட்டு எலும்பில் விரிசல் கண்டது. அந்த மருந்துக்கும் இந்த முறிவுக்கும் தொடர்புண்டு என்று எவரும் சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. தொண்ணூற்று நான்கு வயதில் விழுந்தால் எவருக்கும் எலும்பு முறியும். ஆனால் அந்தச் சிகிச்சை இல்லாவிடில் 2019இல் விழுவதற்கு அவர் இருந்திருக்க மாட்டார் என்பதும் பெரும்பாலும் உண்மை. நூறு வயதைக் கடந்து, 2024 டிசம்பரில் அவர் மறைந்தார்.

இச்சிகிச்சை இனி அமெரிக்கத் தலைவர்களுக்கு மட்டும் உரியதாக இராது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில், தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய ஏழை நோயாளிகளுக்கு, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மருந்தை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்குப் 16 என்பதிலிருந்து 43 ஆக உயர்ந்ததாக அவ்வாய்வு தெரிவித்தது. புகையிலையால் வாய்ப் புற்றுநோய் மிகுந்துள்ள நம் நாட்டுக்கு இது சிறிய செய்தியன்று. நோயாளியின் சொந்த டி அணுக்களையே எடுத்து, மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தும் முறை ஒன்றையும் பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கி, 2023 அக்டோபரில் அனுமதி பெற்றன. பிழைப்பவர்கள் பெருகப் பெருக, எலும்பைப் பற்றிய கேள்வி நம் ஊர்களுக்கும் வந்து சேரும்.

ஆகவே என்ன செய்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். சாதாரண எக்ஸ்ரே படத்தில், எலும்பின் சத்தில் மூன்றில் ஒரு பங்கு போன பிறகே மெலிவு தெளிவாகத் தெரியும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா என்னும் பரிசோதனை அதற்கு முன்பே காட்டிவிடும். நீண்ட நாள் ஸ்டீராய்டு தேவைப்படும் என்று தோன்றினால் இப்பரிசோதனையைச் செய்வதும், சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் போதிய அளவு கிடைக்கச் செய்வதும், தேவையானால் எலும்பைக் கொத்துவதைத் தடுக்கும் மருந்தைச் சேர்ப்பதும் வழக்கம். முன்னே சொன்ன ராங்க்-எல் சீட்டை இடைமறித்து வாங்கிக்கொள்ளும் மருந்தும் 2010 முதல் வந்துவிட்டது. இவ்வகை மருந்துகளால் அரிதாகத் தாடை எலும்பு கெடுவதுண்டு. ஆதலின் தொடங்குமுன் பற்களைச் சோதித்துக்கொள்ளச் சொல்வார்கள்.

எங்கள் மலைக்காரனாகிய எனக்குக் கேழ்வரகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு அரிசியில் 10 மில்லிகிராமை ஒட்டியே இருக்கும். கொல்லிமலை மக்கள் கேழ்வரகும் சாமையும் தினையும் விளைத்து உண்டவர்கள். மரவள்ளியும் விலையரிசியும் வந்தபின் அப்பயிர்கள் சுருங்கின. கேழ்வரகுக் களி புற்றுநோயை மாற்றாது. சிகிச்சையின் விளைவைத் தானாகத் தடுத்தும் விடாது. உடையக்கூடிய எலும்புக்கு உள்ள பல தேவைகளுள் ஒன்றை அது மலிவாகத் தருகிறது, அவ்வளவே.

இச்சிகிச்சை பெற்ற ஒருவருக்குப் புதிதாக முதுகுவலி கண்டால், விறகு சுமந்ததால் வந்தது என்று தைலம் தடவி இருந்துவிடக் கூடாது. அது நோய் எலும்புக்குப் பரவியதாக இருக்கலாம். முள்ளெலும்பு நசுங்கியதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. பார்த்தாலன்றிப் பிரித்தறிய முடியாது. வாசலூர்பட்டியிலிருந்து அவ்வாறு ஒருவர் மலையிறங்கி நாமக்கல்லில் எலும்பு மருத்துவரைக் காணச் சென்றால், அவருக்குச் சென்னையிலோ வேலூரிலோ என்ன மருந்து ஏறியது என்பது அந்த மருத்துவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வீட்டில் படித்த பிள்ளை ஒருவர் இருந்தால், மருந்தின் பெயரையும், தொடங்கிய நாளையும், ஸ்டீராய்டு எத்தனை வாரம், என்ன அளவு என்பதையும் ஒரு தாளில் எழுதி, பெரியவரின் சட்டைப் பையில் வைத்து அனுப்பலாம்.